பழைய ஃபெராரியை விற்கப் போகிறீர்களா? விலை, பராமரிப்புச் செலவு, பத்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், அதிலும் கலிஃபோர்னியாவில், இருபது முப்பது வருடம் ஆன ஃபெராரியை விற்க நினைப்பவர்களும் அதை வாங்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இன்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்று வி8 மாடல்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறேன்: எஃப்355 (1994–1999), 1999-இல் வந்த 360 மோடெனா, எஃப்430 (2004–2009). சந்தையில் அதிகம் கைமாறுவதும், செலவு விஷயத்தில் அதிகம் பயமுறுத்துவதும் இவைதான். தொகைகள் எல்லாம் டாலரில், தனியார் வொர்க்‌ஷாப் கணக்கில், தோராயமாக. ஃபெராரி டீலரிடம் போனால் கூடும்.

என் காருக்கு என்ன விலை சொல்லலாம்?

மற்றவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். அந்தக் கார்கள் இன்னும் விற்காமல் நிற்கின்றன. முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்களில் எந்தக் கார் எந்தத் தேதியில் எவ்வளவுக்குப் போனது, எது விலை படியாமல் திரும்பியது என்பதெல்லாம் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது. உங்கள் காரோடு வருடம், கியர், மைல் ஒத்துப்போகிற நாலைந்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இன்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள், கிளட்ச் எந்த நிலையில் இருந்தது, பில்கள் இருந்தனவா என்று படியுங்கள். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வாங்க வருபவர் மனதில் ஓடுவது ஒரே கணக்கு: இதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால் அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரத்துக்கு பில் வரும்? அந்தத் தொகையை உங்களுக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிட்டால் பேரம் அவர் கையில். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தத் தொகையை நீங்கள் முதலில் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றியவை.

மேனுவல் கியருக்கு இவ்வளவு கூடுதல் விலையா?

ஆமாம். 360-உம் எஃப்430-உம் புதுசாக விற்றபோது பெரும்பாலானோர் கிளட்ச் பெடல் இல்லாமல், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்த எஃப்1 கியரைத்தான் கேட்டு வாங்கினார்கள். இன்று திறந்த உலோகத் தட்டில் கணகணவென்று விழும் மேனுவல் கியருக்குத்தான் கிராக்கி. எஃப்430-இல் மேனுவல் ரொம்பக் குறைவு என்பதால் வித்தியாசம் பல பத்தாயிரம் டாலருக்குப் போகிறது. எஃப்1 காரை மேனுவலாக மாற்றித் தரும் வொர்க்‌ஷாப்புகளும் உண்டு. உங்களுடையது அப்படி மாற்றிய கார் என்றால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கும் ஆள் இருக்கிறது. ஆனால் பாதிப் பேச்சில் வெளியே வந்தால் மிச்சப் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

பன்னிரண்டாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. அப்படியும் விலையைக் குறைத்துக் கேட்கிறார்களே?

நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இந்தக் கார்களில் செலவு வைப்பவற்றில் பாதி, மைலைப் பார்ப்பதில்லை, காலண்டரைப் பார்க்கின்றன. டைமிங் பெல்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும், கூலன்ட் ஹோஸ் விறைக்கும், டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். இவ்வளவு குதிரைத்திறனுக்கு அது ஆபத்து.

வருடத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய கார் என்றால் அனுபவமுள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விலை கொடுப்பார்கள். எட்டு வருடம் கராஜில் தூங்கிய காரைப் பார்த்தால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மூன்று மாடலுக்கும் பராமரிப்புச் செலவு எப்படி வேறுபடுகிறது?

எஃப்355-இல் இருந்து தொடங்குவோம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 3.5 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு. எட்டு சிலிண்டருக்கு நாற்பது வால்வு. அவற்றை ஓட்டுவது ரப்பர் டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், இன்ஜினே போய்விடும். அந்த பெல்ட்டை மாற்ற இன்ஜினைக் கழற்ற வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றி, இன்ஜின், கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்த சட்டத்தை அப்படியே ஒரு மேசைமேல் விட்டுவிட்டு, காரின் உடலை மேலே தூக்குவார்கள். ஆறாயிரத்தில் தொடங்கும் பில் பத்தாயிரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெல்ட்டின் விலை அதில் கொசுறு. இன்ஜின் வெளியே வந்துவிட்ட பிறகு டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், ஹோஸ், ஒழுகுகிற சீல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் விடுவது முட்டாள்தனம் என்று மெக்கானிக் சொல்வார். சரியாகத்தான் சொல்வார்.

355-க்கு இன்னும் இரண்டு வியாதி. ஆரம்ப வருடக் கார்களில் வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் வால்வு கைடுகள் மென்மையான வெண்கலம். தேய்ந்து ஆயில் குடிக்கும், லீக்-டவுன் என்ற காற்றுக் கசிவுச் சோதனையில் மாட்டும். அதைச் சரிசெய்ய சிலிண்டர் ஹெட்டைப் பிரிக்க வேண்டும், பில் பெல்ட் வேலையையே அற்பமாக்கிவிடும். இரண்டாவது, இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். இந்த இரண்டு வேலையும் முடிந்ததற்கு பில் உள்ள 355, முடியாத 355, இரண்டும் வேறு வேறு விலையில் விற்கும் வேறு வேறு கார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

360-இல் ஃபெராரி புத்தி கற்றுக்கொண்டது. பெல்ட் இருக்கிறது, ஆனால் சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் ஒரு மூடியைக் கழற்றினால் உள்ளே இருந்தபடியே மாற்றிவிடலாம். இரண்டாயிரம் முதல் நாலாயிரம் வரை ஆகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள், ஐந்து வரை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். தொடக்க கால 360-களில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் வேரியேட்டரில் பிரச்சினை வந்து திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். உங்கள் கார் அந்தக் காலத்தது என்றால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து வேலை முடிந்ததா என்று டீலரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின். அதனால் பலர் இதைச் செலவில்லாத ஃபெராரி என்று விற்கிறார்கள். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இதிலும் விரிசல் விடும், சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட் தேயும். பிந்தைய வருடங்களில் வந்த கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் நாலையும் மாற்ற வேண்டி வந்தால் ஐந்திலக்கத் தொகை. டிஸ்க் ஓரம் உடையாமல், எடை குறையாமல் இருந்தால் சாதாரணமாக ஓட்டுபவருக்கு ரொம்ப காலம் வரும். அதை அளந்து எழுதிய தாளைக் கையில் வைத்திருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் 360 புதுசாகச் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். கார் விலை பிறகு பாதியாக இறங்கியபோதும் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. பாதி விலைக்குக் கார் வாங்கியவர் முழு விலைக் காரின் பில்லைத்தான் கட்ட வேண்டும்.

பெல்ட் தேதி தாண்டிவிட்டது. மாற்றிவிட்டு விற்கவா, மாற்றாமல் விலையைக் குறைக்கவா?

360 என்றால் மாற்றிவிட்டு விற்றுவிடுங்கள். மூவாயிரத்துக்குச் செய்யும் வேலைக்கு வாங்குபவர் ஆறாயிரம் கழிப்பார். தெரியாத செலவை யாரும் இரட்டிப்பாகத்தான் கணக்குப் போடுவார்கள்.

355-க்கு என் பதில் காரைப் பொறுத்தது. தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த கார் என்றால் மாற்றிவிடலாம். பல வருடம் நின்றுபோன கார் என்றால் தொடாதீர்கள். இன்ஜினை இறக்கியதும் ஒன்று மாற்றி ஒன்று கண்ணில் படும். ஒன்பதாயிரம் என்று போன வேலை பதினெட்டாயிரத்தில் நிற்கும், அவ்வளவையும் விலையில் ஏற்ற முடியாது. 355 வாங்குபவர்களில் பலர் தங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம்தான் இந்த வேலையைச் செய்ய விரும்புவார்கள். "பெல்ட் மாற்ற வேண்டியிருக்கிறது, விலையில் கழித்திருக்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொன்னால் பேச்சு சுமுகமாகப் போகும்.

எஃப்1 கியரில் கிளட்ச் எவ்வளவு மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

டயக்னாஸ்டிக் கருவியை மாட்டினால் தேய்மானம் சதவீதத்தில் வரும். வாங்குபவர் முதலில் கேட்கும் எண் அதுதான். ஆனால் புதுக் கிளட்ச் போட்டபோது ஆரம்ப அளவைக் கம்ப்யூட்டரில் சரியாகப் பதியாமல் விட்டிருந்தால் அந்தச் சதவீதம் வெறும் கதை. அதனால் எண்ணோடு கிளட்ச் மாற்றிய பில்லையும் காட்டுங்கள்.

ஓட்டும் விதத்தைப் பொறுத்து ஒரே கிளட்ச் ஐயாயிரம் மைலில் முடியும், இருபதாயிரமும் தாங்கும். ரிவர்ஸில் மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து கராஜுக்குள் ஏற்றுபவரின் கிளட்ச் சீக்கிரம் போகும்.

இன்னொன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து சில விநாடி ஒரு ரீங்காரம் கேட்கும். கியரின் ஹைட்ராலிக் பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது, அது சரிதான். கார் ஓடும்போது அந்தச் சத்தம் அடிக்கடி வந்தால் அழுத்தம் எங்கோ கசிகிறது. நிற்காமல் ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சில பத்து டாலர் பெறும் ரிலேயைக் கவனிக்காமல் விட்டு, ஆயிரக்கணக்கில் பம்ப்பை எரித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். விற்கும் முன் ரிலேயை மாற்றிவிடுங்கள்.

பழைய பில்கள் பாதிதான் இருக்கின்றன. பிரச்சினையா?

பிரச்சினைதான், ஆனால் தேடினால் கிடைக்கும். வேலை செய்த வொர்க்‌ஷாப்புகளுக்கு சேசிஸ் நம்பரோடு எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் பழைய பில்லை எடுத்துத் தருவார்கள். உங்களுக்கு விற்றவரையும் கேளுங்கள். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மைல் எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து, முதல் பக்கத்தில் ஒரு சுருக்கம் வையுங்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் மாதிரி, வருபவர் காரைச் சுற்றி வருவதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்.

இதில் மைலுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 2010 அல்லது அதற்கு முந்தைய மாடல் வருடக் கார்களுக்கு, கைமாற்றும்போது ஓடோமீட்டர் அளவை உறுதிமொழியாக எழுதித் தரும் மத்தியச் சட்டக் கட்டாயம் இப்போது இல்லை. 2011-உம் அதற்குப் பிந்தையதும்தான் இருபது வருடம் வரை எழுத வேண்டும். அதாவது இங்கே பேசும் மூன்று மாடலும் விலக்கில் வந்துவிடுகின்றன. ஓடோமீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிய பழைய ஃபெராரிகள் பற்றி எல்லாருக்கும் தெரியும். உங்கள் மைலுக்குச் சாட்சி அந்த பில்களும் புகைச் சோதனைப் பதிவுகளும்தான்.

சர்வீஸ் புத்தகம், டூல் கிட், இரண்டாவது சாவி, அலாரம் ரிமோட், காரோடு வந்த கவர் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். தொலைந்த ஃபெராரி டூல் கிட்டைத் தனியாக வாங்கப் போனால் தலை சுற்றும்.

வாங்கும் முன் சோதனைக்கு யார் பணம் கொடுப்பது? என்ன பார்ப்பார்கள்?

வழக்கமாக வாங்குபவர் கொடுப்பார், சில நூறிலிருந்து ஆயிரம் டாலர் வரை ஆகும். விளம்பரம் போடும் முன் நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள் என்பேன், அதுவும் உங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் இல்லாமல். கெட்ட செய்தி எதுவாக இருந்தாலும் பேரத்துக்கு நடுவில் கேட்பதைவிட அதற்கு முன்பே கேட்பது மலிவு.

சோதனையில் கனமான பகுதி லீக்-டவுன். பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்தி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். பத்துக்குக் கீழே இருந்து எட்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தனித்து நின்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார் மெக்கானிக். எக்ஸாஸ்ட் பக்கம் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று உள்ளே வரும் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஓர் உஸ் சத்தம் எங்கே கேட்கிறது என்பதில் பல ஆயிரம் டாலர் தொங்குகிறது.

எல்லா எண்ணும் எழுதிய அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இன்ஜின் நல்ல நிலை" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மறு பெயிண்ட் அடித்ததைக் கண்டுபிடித்துவிடுவார்களா?

கண்டுபிடிப்பார்கள். 360-உம் எஃப்430-உம் அலுமினிய உடல். இரும்பை மட்டும் அளக்கும் சாதாரண பெயிண்ட் மீட்டர் அதில் வேலை செய்யாது. அலுமினியத்துக்கும் சேர்த்து அளக்கும் மீட்டரோடு வருவார்கள். கல் பட்டதால் முன் பம்பருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தது குற்றமே இல்லை, சொல்லிவிட்டால் போதும். அலுமினியச் சட்டம் வரை போன விபத்து வேறு கதை.

பட்டன்கள் எல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகின்றன.

அந்தக் கால ஃபெராரிகளின் பொது வியாதி. பிளாஸ்டிக் மேல் பூசிய மென்மையான பூச்சு வருடம் போகப் போக உருகிப் பசையாகிறது. கழற்றி அனுப்பினால் சுத்தம் செய்து மறுபூச்சுப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். சில நூறு டாலர், பெரிய வேலை என்றால் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு. விற்கும் முன் செய்யத் தகுந்த செலவு இது. காரில் உட்கார்ந்ததும் விரல் ஒட்டிக்கொண்டால் மற்ற பராமரிப்பின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

"வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்று வாங்குபவர் கேட்டால்?

மழுப்பாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வருடம் இரண்டாயிரம் மைல் ஓடும் ஓர் எஃப்1 360-ஐ எடுத்துக்கொள்வோம். பெல்ட் வேலை 3,000 என்று வைத்து நாலு வருடத்துக்குப் பிரித்தால் 750. வருடாந்தர ஆயில், பிரேக் திரவம் வகையில் 800. டயர் 1,600, ஐந்து வருடத்துக்கு, வருடம் 320. கிளட்ச் 5,000, பதினைந்தாயிரம் மைல் தாங்கும் என்றால் வருடம் 670 அளவு. பேட்டரிக்கு 100. கூட்டினால் 2,640. இது தெரிந்த செலவு. தெரியாத செலவுக்கு இரண்டாயிரமாவது ஒதுக்கி வைக்க வேண்டும். ஆக 4,600-ஐத் தாண்டும், இன்ஷூரன்ஸ் தனி. 355 என்றால் பெல்ட் செலவு ஒன்றே வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு டாலர் கூட்டிவிடும்.

தெரியாத செலவு ஒவ்வொரு வருடமும் வராது. மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு நாலாவது வருடம் எட்டாயிரமாக வரும். இதைக் கேட்டு வாங்குபவர் ஓடிவிட்டால் ஓடட்டும். அவர் பிறகு உங்களுக்குப் போன் செய்து சண்டை போடும் ஆளாக ஆகியிருப்பார்.

இன்ஷூரன்ஸில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி தரும் கலெக்டர் கார் நிறுவனங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டிய கராஜ், தினசரி ஓட்ட வேறு கார், இந்த மாதிரி நிபந்தனை இருக்கும். சாதாரண பாலிசியைவிடப் பல நேரம் குறைவாகவே வரும்.

டீலரிடம் கொடுப்பதா, கன்சைன்மென்ட்டா, ஏலமா, நேரடி விற்பனையா?

டீலர் உடனே பணம் தருவார், குறைவாகத் தருவார். சில மாநிலங்களில் பழைய காரைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் விற்பனை வரியில் கழிவு உண்டு. கலிஃபோர்னியாவில் அது இல்லை, எனவே அந்தச் சாக்கை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

கன்சைன்மென்ட் என்றால் காரை அவர்கள் ஷோரூமில் நிறுத்தி விற்றுத் தருவார்கள், கமிஷன் பிடிப்பார்கள். கமிஷன் எவ்வளவு, காருக்கு இன்ஷூரன்ஸ் யார் பொறுப்பு, யார் ஓட்டிக் காட்டலாம், விற்ற எத்தனை நாளில் பணம், எல்லாம் எழுத்தில் வேண்டும். விற்ற பணம் வராமல் அலைந்தவர்கள் கதை இந்தத் தொழிலில் பழையது. உரிமைப் பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இணைய ஏலம் நல்ல கோப்பும் நல்ல படங்களும் உள்ள காருக்குத்தான் பொருந்தும். குறையைப் படம் எடுத்துப் போடுங்கள்: கீறிய சக்கரம், சுருங்கிய தோல், காருக்கு அடியில் ஆயில் ஈரம். இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஒன்று கட்டாயம். சூடான இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டினால் கேள்வி வரும்.

நேரடி விற்பனையில் கையில் நிற்பது அதிகம், தலைவலியும் அதிகம். சும்மா உட்கார்ந்து பார்க்க வருபவர்களே பாதிப் பேர்.

ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலில் நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்காரட்டும். விலை பேசி முடித்து, பணம் இருப்பதற்கு ஆதாரமும் காட்டிய பிறகு அவரிடம் சாவி. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரின் மேல் கடன் இருக்கிறது. விற்க முடியுமா?

முடியும். பத்திரம் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று தேதியிட்ட கடிதம் வாங்குங்கள். முடிந்தால் வாங்குபவரோடு அந்த வங்கிக் கிளைக்கே போய், அங்கேயே பாக்கியைக் கட்டி மிச்சத்தை உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். விளம்பரத்திலேயே கடன் இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

பணத்தை எப்படி வாங்குவது?

வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடிப் பரிமாற்றம். பணம் வந்து சேர்ந்ததை உங்கள் வங்கியே உறுதி செய்த பிறகுதான் சாவியும் பத்திரமும். கேஷியர்ஸ் செக் தருகிறேன் என்றால், அதை எழுதித் தரும் வங்கிக்கு வேலை நேரத்தில் அவரோடு நீங்களும் போய் கவுன்டரில் நின்று வாங்குங்கள். போலி செக் உங்கள் கணக்கில் ஏறிய மாதிரி காட்டி, பல நாள் கழித்துத் திரும்பும். அதற்குள் கார் மாநிலம் தாண்டியிருக்கும். பணத்தை நடுவில் வைத்திருந்து தருவதாகச் சொல்லி வாங்குபவர் காட்டும் எஸ்க்ரோ தளத்தின் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

புகைச் சோதனை யார் பொறுப்பு?

கலிஃபோர்னியாவில் விற்பவர் பொறுப்பு. சான்றிதழ் 90 நாள் செல்லும். 2000 மாடலும் அதற்குப் பிந்தையதும் என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பதோடு சரி. 355-க்கு உருளைமேல் ஓட்டி எக்ஸாஸ்ட் புகையையும் அளப்பார்கள்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் பேட்டரி. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் 1996-உம் அதற்குப் பிந்தையதுமான கார்களின் கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளை மறந்துவிடும். அவை மீண்டும் முடியும்வரை, கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது. குளிர்ந்த ஸ்டார்ட், நெடுஞ்சாலையில் ஒரே வேகம், கொஞ்ச நேரம் நின்று ஓடுவது என்று சில நாள் ஓட்டினால்தான் முடியும். வாங்குபவர் வரும் வாரத்தில் புதுப் பேட்டரி போடாதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிச் சத்தத்துக்காக வேறு குழாய் போட்டிருந்தால் அசல் பாகத்தைத் திரும்ப மாட்ட வேண்டும். தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால் அதற்கும் விலை இருக்கிறது.

லாபத்துக்கு வரி உண்டா?

வாங்கிய விலையைவிடக் கூட விற்றால் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் காரை நஷ்டத்துக்கு விற்றால் அந்த நஷ்டத்தைக் கழிக்க முடியாது. கணக்காளரைப் பாருங்கள்.

ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாமா?

முடியாது. பழைய காரை இந்தியாவுக்குள் இறக்க, அது மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டிலும் உங்கள் கார் தோற்கும்.

லம்போர்கினி, போர்ஷே, என்எஸ்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு?

காயார்டோவில் (2003–2013) பார்ப்பது இ-கியர் கிளட்ச்தான்; மேலே எஃப்1 பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். போர்ஷே 911-இன் 996 தலைமுறையில் ஐஎம்எஸ் பேரிங் (இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்குவது, உடைந்தால் இன்ஜினே போகும்) என்ற ஒன்றுதான் பேச்சு. 2001–2005 மாடல்களுக்காக வழக்கு நடந்து 2013-இல் சமரசமானது. பேரிங் மாற்றிய பில் இருந்தால் விளம்பரத்தின் தலைப்பிலேயே போடுங்கள். அதே காலத்து டர்போவும் ஜிடி3-உம் வேறு இன்ஜின், அவற்றுக்கு இந்தப் பயம் இல்லை. ஹோண்டா என்எஸ்எக்ஸ், இங்கே அக்யூரா பெயரில் விற்றது, இந்தக் கூட்டத்தில் சமர்த்துப் பிள்ளை. தொடக்க காலத்து மேனுவல் கியர்பாக்ஸ்களில் ஒரு குறிப்பிட்ட நம்பர் வரிசைக்குள் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உடையும். உங்கள் கியர்பாக்ஸ் நம்பர் அதில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

விற்ற பிறகு ஏதாவது உடைந்தது என்று திரும்பி வந்தால்?

தனிநபர் விற்பனை "இருக்கிற நிலையில்" விற்பனைதான், ரசீதில் அப்படியே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் தெரிந்த குறையை மறைத்தாலோ பொய் சொன்னாலோ அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. "பக்கா கண்டிஷன்" என்று எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், எது பாக்கி என்று எழுதுங்கள்.

பணம் வந்துவிட்டது, கார் போய்விட்டது. வேறு வேலை பாக்கி இருக்கிறதா?

இருக்கிறது. ஐந்து நாளுக்குள் கலிஃபோர்னியாவின் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி-க்கு உரிமை மாற்ற அறிவிப்பைக் கொடுங்கள், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். அதுவரை பார்க்கிங் அபராதமும் சுங்கமும் உங்கள் பெயருக்கே வரும். சாதாரண நம்பர் பிளேட் காரோடு போகும். பெயர் போட்டு வாங்கிய பிளேட் என்றால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிய, சுங்கத்தைத் தானாகக் கட்டும் ஃபாஸ்ட்ராக் கருவியை எடுத்துவிட்டு, கணக்கிலிருந்தும் இந்தக் காரின் நம்பரை நீக்குங்கள். இல்லாவிட்டால் புது முதலாளி பாலம் தாண்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் கார்டில் பணம் போகும்.